பிறந்த நாள் தெரிந்த சொற்கள்

சொற்களில் பெரும்பாலானவற்றுக்கு ஜாதகம் கிடையாது. 'மழை' என்ற சொல்லை முதன்முதலில் உச்சரித்த புண்ணியவான் யார் என்று எந்தப் பண்டிதராலும் சொல்ல முடியாது. பிறந்த மாதமும் பெற்றவர் பேரும் தெரிந்த சொற்கள் அபூர்வம். ஆங்கிலத்தின் 'பிளாக்' அப்படிப்பட்ட ஒரு பிள்ளை.

1997 டிசம்பரில் ஜோர்ன் பார்கர் என்ற அமெரிக்கர், இணையத்தில் தாம் கண்டவற்றைக் குறித்து வைக்கும் பக்கத்துக்கு 'வெப்லாக்' என்று பெயர் வைத்தார். வெப் என்றால் வலை. லாக் என்றால் மாலுமிகளின் குறிப்பேடு. அந்த லாக்கும் ஆதியில் வெறும் மரக்கட்டைதான். கயிற்றில் கட்டிக் கடலில் எறிந்து கப்பலின் வேகத்தை அளந்த கட்டை, கணக்கு எழுதிய ஏட்டுக்குத் தன் பெயரையே கொடுத்துவிட்டது. 1999-ல் பீட்டர் மெர்ஹோல்ஸ் என்பவர் விளையாட்டாக அந்தச் சொல்லை வேறு இடத்தில் வெட்டி, 'வீ பிளாக்' என்று உச்சரிக்கப் போவதாகச் சொன்னார். வலையின் கடைசி எழுத்து கட்டையோடு ஒட்டிக் கொண்டது. 2004-ல் மெரியம்-வெப்ஸ்டர் அகராதிக்காரர்கள் அதையே அந்த ஆண்டின் சொல்லாக அறிவித்தார்கள். விளையாட்டில் பிறந்த பிள்ளைக்கு ஐந்தே வயதில் பட்டாபிஷேகம்!

தமிழில் நடந்தது இதைவிட ருசியானது. இணையத்தில் எழுதும் பெண் ஒருத்தியை நாவலில் படைத்தபோது எனக்கு ஒரு சங்கடம் வந்தது. அவளை என்னவென்று அழைப்பது? பதிவு எழுதுகிறவளைப் 'பதிவாளர்' என்றால் வாசகருக்குப் பத்திர ஆபீஸும் முத்திரைத் தாளும் அல்லவா நினைவுக்கு வரும்? ஆனால் வலைப்பதிவு எழுதினவர்கள் அதை முன்னமே தீர்த்து வைத்திருந்தார்கள். 'பதிவர்' என்றார்கள். நடுவிலிருந்த 'ஆள்' போயிற்று. கூடவே ரிஜிஸ்திராரும் போய்விட்டார்.

எவ்வளவு நேர்த்தியான வேலை, பாருங்கள்! எல்லோருடைய எழுத்தையும் ஓரிடத்தில் சேர்க்கும் தளம் 'திரட்டி' ஆயிற்று. 2004-ல் தொடங்கிய 'தமிழ்மணம்' அத்தகையது. வாசகர் எழுதும் அபிப்பிராயம் 'பின்னூட்டம்'. பெயர் சொல்லாமல் வந்து வம்பு செய்கிறவர் 'அனானி'. ஆங்கிலத்தின் வாலை நறுக்கித் தமிழில் உட்கார வைத்துவிட்டார்கள். முனை மழுங்கிய பென்சிலுக்கு நாம் சொன்ன 'மொக்கை', சுவையற்ற எழுத்துக்கும் அடைமொழி ஆயிற்று.

"என்ன ஸார், இந்தக் கொச்சையை எல்லாம் நீங்களே ஆதரிக்கலாமா?" என்று தமிழாசிரிய நண்பர் ஒருவர் வருத்தப்பட்டார். அவருடைய கவலை பொய்யல்ல. பத்திரிகையில் எழுதினால் ஆசிரியர், பிழை திருத்துகிறவர் என்று இரண்டு வாசற்படிகளைத் தாண்ட வேண்டும். வலைப்பதிவில் படியே இல்லை. பேச்சு நேராக ஏட்டில் ஏறிவிடுகிறது. பிழையும் கூடவே ஏறுகிறது. ஆனால், கால மாறுதலுக்கு நன்னூலாரே இலக்கணத்தில் இடம் விட்டுத்தானே போயிருக்கிறார்!

எந்தச் சொல் நிலைக்கும் என்பதுதான் வேடிக்கை. 'வலைப்பூ' என்று அழகான ஒரு பெயரும் வைத்திருந்தார்கள். ஜனங்கள் முகநூலுக்குக் குடிபோனபோது அந்தப் பூ பழைய வீட்டுத் திண்ணையிலேயே தங்கிவிட்டது. அலங்காரம் எதுவும் இல்லாத 'பதிவு', மூட்டை முடிச்சோடு புது வீட்டுக்குக் கிளம்பிவிட்டது. அழகு அல்ல, உழைப்பே ஒரு சொல்லை வாழ வைக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

இருபது வருஷமாகக் கதை எழுதிச் சம்பாதிக்கிறேன். நான் உண்டாக்கிய ஒரு சொல்லாவது கடைத்தெருவில் நடமாடுகிறதா என்று யோசித்துப் பார்த்தால், இல்லை. காலணா கூலி வாங்காமல், ஆபீஸ் வேலை முடிந்து இரவில் உட்கார்ந்து எழுதினவர்கள் அதைச் செய்துவிட்டார்கள். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். இருந்தாலும், அவர்கள் செய்து வைத்த சொல்லை என் கதாநாயகிக்குச் சூட்டியபோது, பொறாமையைவிட நன்றியே மிஞ்சி நின்றது.