நடைக் கணக்கு

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் விடியற்காலை மூன்றரை மணிக்கு வரிசையில் நிற்கும் பிக்கப் வண்டிக்காரர்களிடம், "ஆயில் எப்ப மாத்துவீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "அஞ்சாயிரத்துக்கு ஒருவாட்டி" என்பார் ஒருவர். "புக்குல பத்தாயிரம்னு போட்டிருக்கான், அதுக்கு முன்னாடி மாத்தினா காசு தண்டம்" என்பார் அடுத்தவர். "கறுத்துட்டா மாத்திடணும்" என்பார் மூன்றாமவர். "குறைய குறைய ஊத்திக்கிட்டே இருந்தா போதும், எதுக்கு மாத்தணும்?" என்று நான்காமவர் நம்மையே திருப்பிக் கேட்பார். நான்கு பேருக்கும் துளி சந்தேகம் கிடையாது. ஓடுகிற இன்ஜினுக்குள் எட்டிப் பார்த்தவர் அவர்களில் ஒருவரும் கிடையாது.

என் சித்தப்பாவும் அந்த வரிசையில் நிற்பவர்தான். முதுநகரில் மீன் ஏற்றி, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று வழியெல்லாம் ஐஸ் பெட்டிகளை இறக்கிக்கொண்டே சிதம்பரம் போவார். திரும்பும்போது காலிப் பெட்டிகளை அள்ளிக்கொண்டு வருவார். போக வர 90 கிலோமீட்டர். அதற்குப் பெயர் ஒரு நடை. புது வண்டி எடுத்த பிறகு, ஆயில் விஷயத்தில் ஒரு முடிவு சொல்லும்படி என்னிடம் கேட்டார். நான் அண்ணாமலை நகரில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவன், சென்னையில் கோடு எழுதிப் பிழைப்பவன் என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. "இன்ஜினியர்னா இன்ஜினப் பத்தித் தெரியாதாடா?"

அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை. முந்தைய வண்டி டாடா ஏஸ், நம் ஊர் பாஷையில் குட்டி யானை. 2005இல் சந்தைக்கு வந்த வண்டி அது. 702 சிசி, இரண்டே சிலிண்டர். தமிழ்நாட்டில் எத்தனையோ குடும்பங்கள் அந்த இரண்டு சிலிண்டரில்தான் முதலாளி ஆயின. சித்தப்பாவின் குட்டி யானை ஒருநாள் லோடோடு புதுச்சத்திரம் தாண்டி நின்றுவிட்டது. முதலில் டொக் டொக்கென்று ஒரு சத்தம், பிறகு அதுவும் இல்லை. சிதம்பரத்தில் பாய் இன்ஜினை இறக்கிப் பிரித்தார். பிறை வடிவத்தில் இருந்த பேரிங் துண்டு ஒன்றைத் துணியில் துடைத்து எங்களிடம் நீட்டினார். சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டிய உள்பக்கம் தேய்ந்து, செம்பு தெரிந்தது. "ஆயில் எங்க வாங்குன?" என்று மட்டும் கேட்டார். சித்தப்பா ஒரு கடையைச் சொன்னார். லிட்டருக்கு நூறு ரூபாய் குறைவாகக் கொடுக்கும் கடை. பாய் ஒன்றும் சொல்லவில்லை. தன் பட்டறையில் காலியாகும் ஆயில் கேன்களையெல்லாம் அவர் ஆணியால் ஓட்டை போட்டுத்தான் வெளியே போடுவார். அது ஏன் என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது.

மூன்று வாரம் வண்டி இல்லை. வாடிக்கையில் பாதி வேறு வண்டிக்குப் போயிற்று. சித்தியின் செயின் அடகுக் கடைக்குப் போயிற்று.

அந்தப் பேரிங் துண்டுக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1883இல் இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சுகளின் உராய்வை அளந்துகொண்டிருந்தார். ஆயில் விடுவதற்காகப் பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டார். அச்சு சுற்றத் தொடங்கியதும் ஆயில் உள்ளே இறங்காமல் அந்தத் துளை வழியாக மேலே ஏறி வந்தது. தக்கையால் அடைத்தார், வெளியே தள்ளியது. மரமுளை அடித்தார், அதையும் தள்ளியது. பிறகு அழுத்தமானியை மாட்டிப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. சுற்றுகிற அச்சு ஆயிலைத் தானே இழுத்துத் தனக்கும் பேரிங்குக்கும் நடுவில் திணிக்க, அந்த அழுத்தத்தின்மேல் பேரிங் மிதந்துகொண்டிருந்தது. 1886இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் அதற்குக் கணக்கு எழுதினார்.

சித்தப்பாவின் வண்டியும் அப்படித்தான் ஓடுகிறது. ஒன்றரை டன் மீனையும் ஐஸையும் இழுக்கும் கிராங்க், பேரிங் உலோகத்தைத் தொடுவதில்லை. நடுவில் சில மைக்ரான் கனத்தில் ஆயில் படலம் இருக்கிறது. நம் தலைமுடியே எழுபது மைக்ரான் வாக்கில் வரும். அந்தப் படலம் இருக்கும்வரை தேய்மானம் இல்லை என்றே சொல்லலாம். படலம் கிழிந்தால் செம்பு தெரியும்.

அப்படியானால் எந்த ஆயில்? கடை அலமாரியில் 20டபிள்யூ-40, 15டபிள்யூ-40, 5டபிள்யூ-30 என்று வரிசையாக எழுதியிருக்கும். "நம்ம ஊரு வெயிலுக்கு கெட்டியா இருக்கறதுதான் சரி" என்பது துறைமுகத்தின் பொதுக் கருத்து. டபிள்யூ என்றால் வின்டர், குளிர்காலம். 15டபிள்யூ என்பது மைனஸ் 20 டிகிரியில் இன்ஜினைச் சுழற்ற முடிகிறதா என்று பார்க்கும் சோதனையின் குறி. கடலூர் மார்கழிக்கு அந்தக் கவலை கிடையாது. பின்னால் வரும் 40தான் வண்டி சூடானபின் உள்ள கெட்டித்தன்மை. அதை அளப்பது 100 டிகிரியில். வெளியே சித்திரை வெயிலானாலும் ஐப்பசி மழையானாலும், ஓடிச் சூடான இன்ஜினுக்குள் ஆயில் ஏறக்குறைய அந்தச் சூட்டில்தான் இருக்கும். இன்ஜினுக்குள் காஷ்மீரும் கடலூரும் ஒன்றுதான். தேவைக்கு மேல் கெட்டியாக ஊற்றினால், விடியற்காலை ஸ்டார்ட் செய்யும்போது ஆயில் மேலே போய்ச் சேரத் தாமதமாகும். அந்தச் சில நொடிகளில் தேய்மானம் கூடும்.

கேனின் பின்பக்கம் பொடி எழுத்தில் இன்னொன்று இருக்கும். சிஐ-4, சிகே-4 என்கிற மாதிரி. முன்பக்கத்து எண்ணைவிட இது முக்கியம். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்தபோது டீசலில் கந்தகத்தின் அளவு பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. புகைக்குழாயில் டிபிஎஃப் என்ற வடிகட்டி வந்தது. ஆயிலில் கலக்கும் சில மருந்துகள் எரிந்தால் சாம்பலாகும். கரியை எரித்துவிடலாம், சாம்பலை எரிக்க முடியாது. அது வடிகட்டியில் போய் அடையும். அதனால்தான் சிகே-4 தரத்தில் சாம்பலுக்கு 1 சதவீதம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். பழைய குட்டி யானைக்கு ஊற்றிய அதே ஆயிலைப் புது வண்டிக்கும் ஊற்றினால் இன்ஜின் ஓடத்தான் செய்யும். வடிகட்டிதான் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சுத் திணறும். பிராண்டைப் பற்றிச் சண்டை போடுவதைவிட, வண்டியோடு வந்த புத்தகம் கேட்கிற தரம் கேனில் இருக்கிறதா, கேனில் இருப்பதுதான் உள்ளேயும் இருக்கிறதா என்று பார்ப்பது மேல். எல்லா பில்லையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வைக்கச் சொன்னேன். வாரண்டி என்று போய் நின்றால் முதலில் கேட்பது அதைத்தான்.

எந்த ஆயில் என்பது தீர்ந்தது. எப்போது என்பதுதான் பாக்கி.

கறுத்துவிட்டால் மாற்ற வேண்டும் என்ற கட்சிக்கு ஒரு சேதி. டீசல் இன்ஜினில் புது ஆயில் ஊற்றிச் சில நாளிலேயே கறுத்துவிடும். கறுப்பது அதன் வேலை. எரிந்த கரியை ஓரிடத்தில் திரளவிடாமல் பொடியாகவே தாங்கி வைத்திருப்பதால்தான் அந்த நிறம். பாய் இதற்கு ஒரு வைத்தியர் போல நாடி பார்ப்பார். ஆயில் கம்பியிலிருந்து ஒரு சொட்டைப் பில்லின் வெள்ளைப் பக்கத்தில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போவார். வந்து பார்க்கும்போது கறை மெல்ல மெல்ல வெளுத்துப் பரவியிருந்தால், இன்னும் சுமக்கத் தெம்பு இருக்கிறது. நடுவில் கறுப்பு முத்து மாதிரி திரண்டு, சுற்றிலும் வெறும் எண்ணெய் வளையம் என்றால் தெம்பு போய்விட்டது. பெரிய லாரி கம்பெனிகள் லேபுக்கு அனுப்பிப் பார்க்கும் விஷயத்தில் ஒரு பங்கு இந்தச் சொட்டிலும் தெரிந்துவிடுகிறது.

புது வண்டி எடுத்து நாலு மாதம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். சித்தப்பா பெருமையாகக் கம்பியை உருவிக் காட்டினார்.

"பழைய வண்டி ஆயில் குடிக்கும். இது பாரு, குறையவே இல்ல. போன மாசத்தவிட ஏறித்தான் இருக்கு!"

ஆயில் ஏறாது. நாம் ஊற்றாமல் உள்ளே ஏறுகிறது என்றால் வேறெதுவோ வந்து கலக்கிறது. தண்ணீராக இருந்தால் பால் ஊற்றிய டீ மாதிரி இருக்கும். 2015 வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளில் கடலூர்க்காரர்கள் அந்த நிறத்தைப் பார்த்திருப்பார்கள். இது கறுப்பாகவே இருந்தது. மோந்து பார்த்தேன். டீசல்.

டிபிஎஃப்பில் சேரும் கரியை அவ்வப்போது எரிக்க வேண்டும். அதற்கு 600 டிகிரி அளவுக்குச் சூடு தேவை. பல சிறிய டீசல் வண்டிகளில் அந்தச் சூட்டை உண்டாக்க, சிலிண்டருக்குள்ளேயே கொஞ்சம் டீசலைப் பிந்திப் பீய்ச்சுவார்கள். நெடுஞ்சாலையில் இருபது நிமிடம் நிற்காமல் போனால் வேலை முடிந்துவிடும். நடுவில் நிறுத்தினால் பாதியில் நிற்கும், அடுத்த தடவை முதலிலிருந்து தொடங்கும். ஒவ்வொரு தடவையும் எரியாத டீசல் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து சம்ப்பில் இறங்கும். சித்தப்பாவின் தொழிலே நிறுத்துவதுதான். ஆலப்பாக்கத்தில் இரண்டு பெட்டி, புதுச்சத்திரத்தில் நாலு பெட்டி. சிதம்பரத்தில் தேர் வீதிகளைச் சுற்றி முதல் கியர், இரண்டாம் கியர். இன்னொன்றும் இருக்கிறது. டீசல் கலந்த ஆயில் நீர்த்துப்போகும். சில மைக்ரான் படலம் மேலும் மெலியும். கம்பியில் ஏறியது லாபம் அல்ல, கடன்.

அந்த வாரமே வண்டியைப் பாயிடம் கொண்டுபோனோம். ஓடோமீட்டரைப் பார்த்தேன். ஒன்பதாயிரத்துக்கு மேல். புத்தகக் கணக்குப்படி இன்னும் நேரம் இருந்தது. "புத்தகத்துல போட்ருக்கறது பொய்யா அப்ப?" என்றார் சித்தப்பா. பொய் இல்லை. இத்தகைய புத்தகங்களில் பின்னாலேயே இன்னொரு வரியும் வரும்: தூசி, அதிக லோடு, அடிக்கடி நிறுத்தம், நின்றபடி ஓடும் இன்ஜின் என்றால் சீக்கிரம் மாற்றவும். நான்குவழிச் சாலை வேலையின் செம்மண் புழுதி, பெட்டிமேல் பெட்டி, ஊருக்கு ஊர் நிறுத்தம், துறைமுக வரிசை. விதிவிலக்காக எழுதப்பட்ட வரிதான் சித்தப்பாவின் முழு வாழ்க்கையும்.

பட்டறையில் பக்கத்திலேயே காட்டுமன்னார்கோயில் பக்கத்து டிராக்டர் ஒன்று பிரித்துப் போட்டுக் கிடந்தது. பாய் அதன் மீட்டரைக் காட்டினார். "தம்பி, டிராக்டர்காரன் கிலோமீட்டரா பாக்குறான்? மணிதான் பாக்குறான். எரநூத்தம்பது மணிக்கு ஆயில். வயல்ல அது எவ்ளோ தூரம் போச்சுன்னு யாருக்கு வேணும்?"

சித்தப்பாவின் வண்டியில் மணிக்கணக்கு காட்டும் மீட்டர் இல்லை. ஆனால் சட்டைப் பையில் ஒரு நோட்டு இருந்தது. வாடகை பாக்கிக்காக ஒவ்வொரு நடையையும் தேதி, பெட்டி எண்ணிக்கையோடு எழுதி வைப்பார். கிளம்பும் நேரமும் வீடு சேரும் நேரமும்கூட அதில் இருந்தன. உட்கார்ந்து கணக்குப் போட்டோம். இன்ஜின் ஓடுகிற நேரம் நடைக்கு நாலரை மணி. தூரம் 90 கிலோமீட்டர். சராசரி வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர். அப்படியானால் 10,000 கிலோமீட்டர் என்பது 500 மணி நேரம். பைபாஸில் அறுபதில் போகிறவனுக்கு அதே 500 மணி 30,000 கிலோமீட்டர். ஒரே எண்ணைக் காட்டும் இரண்டு மீட்டருக்குப் பின்னால் மூன்று மடங்கு வித்தியாசமான உழைப்பு. நின்றபடி ஓடும் ஒரு மணியும் லோடு இழுக்கும் ஒரு மணியும் சமமில்லைதான். ஆனால் கரியும் டீசலும் சேரும் விஷயத்தில் நிற்பது ஓய்வு இல்லை.

250 மணியை நாலரையால் வகுத்தால் 55 நடை. 55 நடை என்றால் ஏறக்குறைய 5000 கிலோமீட்டர். துறைமுகத்து முதல் ஆள் சொன்ன அதே எண்! அவர் சொன்ன காரணம் எதுவாக இருந்தாலும், அந்த வரிசையில் நிற்கும் வண்டிக்கு அது பொருந்துகிறது. வரிசையில் நிற்காத வண்டிக்குப் பொருந்தாது.

சித்தப்பாவுக்குச் செலவுதான் உறுத்தியது. ஒரு தடவை ஆயிலும் ஃபில்டரும் என்றால் இரண்டு நடை வாடகை. வருடத்தில் இரண்டு தடவை கூடுதலாக மாற்றினால் நாலு நடை போச்சு. "மாத்தினா என்ன கிடைக்கும்னு கண்ணுல தெரியலையேடா" என்றார். அவர் சொல்வதும் நியாயம். நான் செய்யும் வேலையிலும் இதே சிக்கல்தான். சர்வர் விழாமல் இருந்த மாதத்துக்கு யாரும் கைதட்டுவதில்லை. நடக்காமல் போன கெடுதலுக்கு ரசீது கிடையாது. சித்திதான் அந்தப் பேச்சை முடித்து வைத்தார். "மூணு வாரம் வண்டி இல்லாம எத்தன நடை போச்சு? அத எழுதிப் பாருங்க." சித்தப்பா எழுதிப் பார்க்கவில்லை. அவருக்குத் தெரியும்.

மூன்று விஷயம் முடிவாயிற்று. 55 நடைக்கு ஒருமுறை ஆயில், ஃபில்டரோடு. ஏலம் முடியும்வரை வரிசையில் இன்ஜினை நிறுத்திவிடுவது. டிபிஎஃப் விளக்கு எரிந்தால், அன்றைக்குத் திரும்பும்போது காலிப் பெட்டிகளை மறுநாளுக்கு விட்டுவிட்டு, பி.முட்லூரிலிருந்து நிற்காமல் ஒரே ஓட்டமாக வருவது. கம்பியில் அளவு ஏறுவது அதன்பிறகு நின்றுவிட்டது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அப்போது துறைமுகத்தில் லோடு இருக்காது. பண்ருட்டிப் பக்கம் பலாப்பழம் ஏற்றப் போவார், இல்லையென்றால் வண்டி வேப்பமரத்தடியில் நிற்கும். போன வருடம் தடைக்காலத்தில் நோட்டை வாங்கிப் பார்த்தேன். ஆயில் மாற்றிய நாளுக்குக் கீழே சிவப்பு மையில் ஒரு கோடு, அதன்கீழ் 1, 2, 3 என்று நடை எண்கள். பலா நடைகளுக்கு அரை என்று போட்டிருந்தார். ஏன் என்று கேட்டேன்.

"அது பைபாஸ்ல நிக்காம போற லோடுடா. இன்ஜினுக்குக் கஷ்டம் கம்மி. எப்படி அத முழுசா எழுத முடியும்?"

அதை நான் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.