இவாகி ஓடிக்கொண்டிருந்தான்

ஜப்பானின் கோபே நகரில் எங்கள் வீட்டுக்குக் கீழே ஒரு முடிதிருத்தும் கடை. அப்பாவுக்கு அங்கே துணி ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை. 1985-இல் எனக்குப் பத்து வயது. முடிவெட்ட மாதத்துக்கு ஒருமுறை போனால் போதும். நான் தினமும் போவேன். பெஞ்சுக்கு மேலே வரிசையாக 48 புத்தகங்கள் இருந்தன: 'டோகாபென்'.

மிசுஷிமா ஷின்ஜி 1972 முதல் 1981 வரை வாரப் பத்திரிகையில் வரைந்த பள்ளிக்கூட பேஸ்பால் கதை அது. கட்டட வேலைக்காரர்கள் கொண்டுபோகும் பெரிய சோற்று டப்பாவுக்குத்தான் அந்தப் பெயர். கதாநாயகன் யமாதா தாரோ கையில் அப்படியொரு டப்பா. குட்டையாக, கட்டையாக இருக்கும் கேட்சர். தொடக்கத்தில் ஜூடோ ஆடுவான், பேஸ்பால் பிறகுதான். பள்ளிச் சுற்றுலாவில் அம்மா அமுக்கி வைத்த புளியோதரையோடு எவர்சில்வர் டப்பாவைத் திறந்தேன். அன்று முதல் நானும் 'டோகாபென்'. கேலிதான். உள்ளுக்குள் எனக்கோ ஏகப்பெருமை.

சித்திர எழுத்து ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் உச்சரிப்பைப் பொடியாக அச்சிட்டிருப்பார்கள். எழுத்துக்கூட்டிப் படித்துத்தான் யமாதாவின் அணியில் ஆடும் இவாகியிடம் மனதைப் பறிகொடுத்தேன். வாயில் எப்போதும் இலைக்குச்சி. நேராக வரும் பந்தை அடிக்க வராது. எக்குத்தப்பாக எகிறும் பந்தை வெளுத்துவிடுவான்.

35-ஆம் புத்தகத்தில் மாட்டிக்கொண்டேன். ஒரு அவுட், எல்லா பேஸிலும் ஆள். மெல்லத் தட்டிய பந்து மேலே எழும்ப, எதிரணியின் ஷிரானுயி பாய்ந்து பிடித்து முதல் பேஸுக்கு எறிகிறான். அங்கேயும் அவுட். மூன்று அவுட் ஆனதும் எதிரணி மைதானத்தைவிட்டு வெளியேறுகிறது. ஆனால் பலகையில் ஒரு ரன் ஏறுகிறது! நாலு தடவை படித்தும் புரியவில்லை.

கடைக்கார ஓஜிசான் ரேடியோவில் கோஷியென் மைதானத்தில் நடக்கும் பள்ளிக்கூட பேஸ்பால் ஆட்டம் கேட்டுக்கொண்டிருந்தார். சத்தத்தைக் குறைத்துவிட்டு, மேஜைமேல் சீப்பு, சோப்புக் கிண்ணம், பவுடர் டப்பா, தூரிகை என்று நாலு மூலைக்கும் வைத்தார். பந்து பிடிபட்டால் மூன்றாம் பேஸ் ஆள் திரும்பிப் போயாக வேண்டும். மூன்றாம் பேஸில் நின்ற இவாகி திரும்பவில்லை, ஆனால் மூன்றாவது அவுட்டுக்கு முன்பே ஹோமைத் தொட்டுவிட்டான். எதிரணி மூன்றாம் பேஸில் பந்தைக் கொண்டுபோய் முறையிட்டிருந்தால் ரன் செல்லாது. முறையிடாமல் நடையைக் கட்டிவிட்டார்கள்.

"எல்லாரும் முதல் பேஸையே பார்த்தாங்க. இவனை யாரு பார்த்தா?" என்று பவுடர் டப்பாவைத் தட்டினார்.

2012 ஆகஸ்டில் கோஷியென் மைதானத்திலேயே அது நடந்தது. குமாமோத்தோவின் செய்செய்கோ பள்ளி, நருத்தோ பள்ளிக்கு எதிராக இதே விதியில் ஒரு ரன் எடுத்தது. ஓடிய பையன், சின்ன வயதில் 'டோகாபென்' படித்துத் தெரிந்துகொண்டதாகச் சொன்னானாம். மிசுஷிமா அப்போதும் அந்தக் கதையின் தொடர்ச்சியை வரைந்துகொண்டுதான் இருந்தார், 2018-இல்தான் முடித்தார்.

செய்தியைப் படித்த கையோடு மகளைச் சமையலறைக்குக் கூப்பிட்டேன். மேடையில் நாலு டம்ளர், பந்துக்கு ஒரு சின்ன வெங்காயம். எல்லாவற்றையும் நகர்த்திக் காட்டிவிட்டு, "இப்ப எங்கே பார்க்கணும்?" என்றேன்.

அவளும் முதல் பேஸைத்தான் காட்டினாள்.