தரங்கம்பாடியில் ஒரு கோடை

மே மாத விடுமுறையில், மைசூருவில் ஐந்தாம் வகுப்புப் பயிலும் சிறுமி ஒருத்தி, பெற்றோருடனும் கன்னடம் பேசும் தன் தோழியுடனும் தாத்தாவின் ஊராகிய தரங்கம்பாடிக்குப் புறப்பட்டாள். மாலையில் விரைவு வண்டி ஏறியவர்கள் மறுநாள் காலை மயிலாடுதுறையில் இறங்கி, பேருந்தில் ஊரை அடைந்தனர்.

கடலோரத்தில் 1620-ஆம் ஆண்டில் டேனியர் கட்டத் தொடங்கிய கோட்டை நின்றது. சிறுமியரின் கண்களோ படகுகளையே தேடின. விசைப்படகுகள் யாவும் கரையோரம் கட்டப்பட்டிருந்தன. தாத்தா நிழலில் அமர்ந்து வலையின் கிழிசலைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

“கடலுக்குப் போகவில்லையா தாத்தா?” என்றாள் சிறுமி.

தாத்தா மடியிலிருந்து ஓர் அறிவிப்புத் தாளை எடுத்து நீட்டினார். “காரணம் இதில் இருக்கிறது. நிவாரணத்திற்குக் குடும்ப அட்டையை என்றைக்குக் காட்ட வேண்டும் என்பதும் இருக்கிறதாம். படித்துச் சொல்லம்மா” என்றார். அவர் பள்ளிக்குச் சென்றதில்லை.

சிறுமி வீட்டில் தமிழ் பேசுவாள், படிக்கும்போதோ தடுமாறுவாள். “மீன்பிடி தட்டைக் காலம்” என்று வாசித்தாள்.

தாத்தா சிரித்தார். “தட்டை இல்லையம்மா, தடை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். மீன்கள் முட்டையிட்டுப் பெருகும் காலம். இப்போது வாரி எடுத்துவிட்டால் நாளைக்கு வலையில் என்ன விழும்?”

சிறுமி தாளை மீண்டும் பார்த்தாள். அதில் ஒரே ஒரு ‘ட’தான் இருந்தது. கன்னடத்தில் அவ்வல்லொலிக்கும் மெல்லொலிக்கும் தனித்தனி எழுத்துகள் உண்டு. தமிழில் ஓர் எழுத்தே இடத்திற்கேற்ப ஒலிக்கும்: பட்டம், படம்.

அதன்பின் அவள் எழுத்தெழுத்தாகப் படித்தாள். பிழைபட்ட சொற்களைத் தாத்தா காதால் கேட்டுத் திருத்தினார். அவளிடம் எழுத்து இருந்தது; அவரிடம் சொல் இருந்தது. இறுதியில், “வரும் திங்கட்கிழமை” என்று அவள் முடித்தாள். தாத்தா எழுந்து சென்று குடும்ப அட்டையை எடுத்து வைத்தார்.

அன்று மாலை, தமிழில் புதிய ஏற்பாடு 1715-இல் அச்சாகி நிறைவுற்றது இவ்வூரில்தான் என்று தந்தை கூறினார். கடைத்தெருவின் பெயர்ப்பலகைகளைத் தோழிக்குப் படித்துக் காட்டியவாறே சிறுமி நடந்தாள்.

ஜூன் 15 அன்று மைசூருவிலிருந்து தாத்தாவுக்கு அவள் தன் முதல் கடிதத்தை எழுதினாள்: “தடை முடிந்துவிட்டதா தாத்தா? வலையில் என்ன விழுந்தது?”

‘தடை’யில் ஒரே ஒரு ‘ட’தான் இருந்தது.