நிக்கசொல்லவா, ஓடசொல்லவா?

நண்பரின் அம்பாசிடர் ஒரு கோடை முழுக்கக் கொதித்தது. வழக்கமாக விடும் ஒர்க்‌ஷாப்பில் முதலில் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றினார்கள். நம்ம ஊர் வெயிலுக்கு அது தேவையில்லையாம். அடுத்து வாட்டர் பாடியை மாற்றினார்கள். அதற்கடுத்து விசிறி பெல்ட். எல்லாவற்றுக்கும் பில் வந்தது, சூடு மட்டும் போகவில்லை. கடைசியில் ரேடியேட்டரையே மாற்றிவிடலாம் என்றார்கள். அம்பாசிடர் உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது. நல்ல ரேடியேட்டருக்கு எங்கே போவது? நண்பர் வண்டியைப் புதுப்பேட்டைக்கு விட்டார். ரேடியேட்டர் பட்டறையைப் பார்க்க வேண்டும் என்று நான் நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்ததால் என்னையும் கூட்டிப்போனார்.

எழும்பூர் ரயில் நிலையத்துக்குத் தெற்கே, கூவத்தை ஒட்டியிருக்கிறது புதுப்பேட்டை. பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் இடம் என்றுதான் சென்னைக்கு அதைத் தெரியும். கதவு தனியாக, பம்பர் தனியாக, ஸ்டியரிங் தனியாகத் தொங்கும் அந்த நெரிசலுக்குள் ரேடியேட்டர் வேலை மட்டும் செய்யும் சின்னப் பட்டறைகளும் உண்டு. நாங்கள் போனது ஓர் ஆட்டோ நுழைந்தால் அடைத்துக்கொள்ளும் அளவுள்ள கடை. வாசலில் நீர் நிறைந்த சிமென்ட் தொட்டி. உள்ளே கேஸ் டார்ச், ஆசிட் பாட்டில், ஈயக்குச்சிகள். உரிமையாளருக்கு அறுபதைத் தாண்டிய வயது. எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

பானெட்டைத் திறப்பதற்கு முன்பே பாய் கேட்டார்: “எப்ப சார் சூடாவுது? நிக்கசொல்லவா, ஓடசொல்லவா?”

நண்பர் யோசித்துச் சொன்னார். அண்ணா சாலை சிக்னல்களில் ஒன்றும் ஆவதில்லை. தாம்பரம் தாண்டி வேகம் பிடித்தால் சூட்டைக் காட்டும் முள் ஏறிவிடுகிறது.

“ஸ்டார்ட் பண்ணவுடனே தண்ணி தள்ளுதா? ஆயில் வெளுத்திருக்கா?”

இரண்டும் இல்லை.

“அப்ப ஹெட்டாண்ட போவ வேணாம் சார். ரேடியேட்டர் அடைச்சிக்கினு இருக்கு.”

இந்தக் கேள்விகளுக்குள் ஒரு சாஸ்திரமே இருக்கிறது. நிற்கும்போது மட்டும் சூடேறினால் காற்றுப் போதவில்லை: விசிறியையும் பெல்ட்டையும் பார்க்க வேண்டும், மின்விசிறி என்றால் அதன் மோட்டாரையும் ஸ்விட்சையும். வண்டி ஓட ஆரம்பித்தால் எதிர்காற்று அந்த வேலையைச் செய்துவிடும். ஓடும்போது சூடேறினால் பெரும்பாலும் நீரோட்டம் போதவில்லை. வேகத்தில் இன்ஜின் அதிக வெப்பத்தைத் தள்ளும். அடைபட்ட குழாய்களால் அவ்வளவையும் வெளியேற்ற முடியாது. கிளப்பிய சில நிமிடங்களில் மேல் ஹோஸ் ஜில்லென்று இருக்க முள் மட்டும் ஏறினால், தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கிக்கொண்டது என்று சந்தேகப்படலாம். கிளப்பியதுமே தண்ணீரைத் தள்ளினால் ஹெட் கேஸ்கெட் போய், எரிந்த வாயு நீர்ப்பாதைக்குள் புகுந்திருக்கும். கேட்க இரண்டு நிமிடம் போதும். ஒரு கோடை முழுக்க நண்பரிடம் இதை யாரும் கேட்கவில்லை.

பாய் இன்ஜினை ஓடவிட்டு, சூடேறியதும் நிறுத்தச் சொன்னார். விசிறி நின்ற பிறகு ரேடியேட்டரின் முகத்தில் உள்ளங்கையைப் பட்டும் படாமலும் வைத்து நகர்த்திக்கொண்டே போனார். ஓரிடத்தில் கை நின்றது. என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். இடப்பக்கம் கை வைக்க முடியாத சூடு. வலப்பக்கம் ஒரு சாண் அகலத்துக்கு வெறும் வெதுவெதுப்பு. “இங்க தண்ணியே வர்ல” என்றார். சூடு எங்கே இல்லை என்று தேடித்தான் அவர் கோளாறைக் கண்டுபிடித்தார்.

நண்பர் மூடியைத் திறக்கப் போனார். பாய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இன்றைய கார்கள் பலவற்றின் மூடியில் 0.9 என்று அச்சிட்டிருக்கும். வெளிக்காற்றைவிட 0.9 பார் கூடுதல் அழுத்தத்தை அது உள்ளே பிடித்துவைக்கிறது. அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட ஏறக்குறைய 118 டிகிரி வரை கொதிக்காது. மூடியைத் திறந்த கணம் அழுத்தம் விடுபட்டு, உள்ளிருக்கும் தண்ணீரில் ஒரு பகுதி ஆவியாகி மிச்சத்தை முகத்தில் அடிக்கும். பாயின் முழங்கைக்குக் கீழே தோல் வேறு நிறத்தில் இருக்கிறது. விழுப்புரம் பக்கத்திலிருந்து மாமாவோடு சென்னைக்கு வந்த புதிதில், பதினைந்து வயதில், ஒரு லாரியின் மூடியைத் திறந்ததால் வந்த தழும்பு அது.

ரேடியேட்டரை இறக்கிய பிறகு டார்ச்சின் நீலத் தீயை மேல்தொட்டியின் விளிம்பில் ஓட்டினார். வெள்ளீயமும் காரீயமும் கலந்த பற்று 183 டிகிரியிலேயே உருகத் தொடங்கிவிடும். பித்தளை உருகக் கிட்டத்தட்ட 900 டிகிரி வேண்டும். அதனால் பித்தளைக்கு ஒன்றும் ஆகாமல் தொட்டி தனியாகக் கையோடு வந்துவிடுகிறது. செம்பு, பித்தளை ரேடியேட்டரை எத்தனை முறை வேண்டுமானாலும் பிரித்து ஒட்டலாம். இப்போது வருபவை அலுமினியத்தில், பிளாஸ்டிக் தொட்டியை மடக்கிக் கவ்வவைத்தவை. எடையும் குறைவு, விலையும் குறைவு. ஆனால் சூட்டில் வருடக்கணக்காகக் கிடந்து பிளாஸ்டிக் இறுகி வெடித்தால் ஈயக்குச்சியால் ஒன்றும் செய்ய முடியாது.

திறந்த தொட்டிக்கடியில் வரிசையாகத் தட்டைக் குழாய்களின் வாய்கள். வலப்பக்க வாய்கள் பழுப்பும் வெள்ளையுமாக அடைத்துக்கிடந்தன, வெந்நீர்ப் பானையின் அடியில் உப்புப் படிந்ததுபோல. போர்வெல் தண்ணீரையே ஊற்றி ஊற்றி வந்த வினை. அப்போதுதான் பாய் ஒரு ராடை எடுத்தார்.

விரலைவிட ஒடுங்கிய, முழங்கைக்கும் மேல் நீளமான எஃகுப் பட்டை. மரம் அறுக்கும் பேண்ட்சா பிளேடின் பற்களைச் சாணையில் தேய்த்தெடுத்து, நுனியை உருட்டி, மறுமுனையில் சைக்கிள் டியூபைச் சுற்றிக் கைப்பிடியாக்கியது. பாய்க்குத் தொழில் சொல்லிக்கொடுத்த உஸ்தாத் செய்து கொடுத்ததாம். குழாயின் சுவர் காகிதக் கனம்தான். ராடு நேராக இறங்கினால் உப்பு உதிரும். கொஞ்சம் சாய்ந்தால் குழாய் கிழியும். உஸ்தாத் முதல் வருஷம் அவரை நெருப்பின் பக்கமே விடவில்லை. குப்பைக்குப் போகும் ரேடியேட்டர்களில் ராடு விடுவது மட்டும்தான் வேலை. “கண்ண மூடிக்கினு வுடச் சொல்வாரு சார். கீழ கரகரன்னா உப்பு, வழுக்கினா பித்தள. அத கை சொல்லணும்.” எனக்கும் ஒரு குழாயில் விட்டுக் காட்டினார். பாதியில் ராடு தயங்கியது. மணிக்கட்டை மெல்லத் திருப்பினார். மணல் நொறுங்குவது போன்ற சத்தத்தோடு அது கீழே இறங்கியது. இந்த ராடைப் பிடிக்கப் பழக இன்று அவரிடம் ஒருவரும் இல்லை. மகன் செல்போன் கடையில் வேலை பார்க்கிறான்.

தொட்டியைத் திரும்ப ஒட்டி, காற்றடைத்து, சிமென்ட் தொட்டியில் அமுக்கினார். ஒரு மூலையில் குமிழி வந்தது. அந்த இடத்தில் விரலை வைத்தவர், ரேடியேட்டரை வெளியே தூக்கிப் பற்று வைக்கும்வரை விரலை எடுக்கவில்லை.

ஒர்க்‌ஷாப்பில் கழற்றிய தெர்மோஸ்டாட் டிக்கியிலேயே கிடந்தது. அலுமினியக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, அதைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டுச் சூடாக்கினார். வால்வில் 82 என்று பொறித்திருந்தது. தண்ணீர் கொதிப்பதற்கு வெகுமுன்னே உள்ளிருக்கும் மெழுகு இளகி விரிந்து, வட்டத்தகடு மெல்ல விலகியது. நல்ல வால்வு. வெயில் ஊருக்கு இது வேண்டாம் என்பது சுத்த அறியாமை. வால்வு இல்லாத இன்ஜின் தகுந்த சூட்டுக்கு வர நேரமாகிறது, பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கிறது, சீக்கிரம் தேய்கிறது. சில இன்ஜின்களில் தண்ணீர் ரேடியேட்டர் பக்கம் போகாமல் குறுக்குவழியில் சுற்றிவந்து, சூடு இன்னும் கூடும்.

பாய் கூலியைச் சொன்னபோது நண்பர் என் முகத்தைப் பார்த்தார். ஒர்க்‌ஷாப்பின் ஒரு பில்லில் கால்வாசிகூட இல்லை. இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. நேராக வரும் வாடிக்கையாளர்கள் பாய்க்கு அபூர்வம். ஒர்க்‌ஷாப் பையன்கள் ரேடியேட்டரை மட்டும் ஸ்கூட்டரில் கொண்டுவந்து போடுவார்கள். வண்டியை அவர் பார்ப்பதே இல்லை; கேள்வி கேட்க ஆளும் இல்லை. அவருக்குக் கொடுக்கும் கூலியைப் போல இரண்டு, மூன்று மடங்கு பில்லில் ஏறும். புதிது மாட்டினாலோ, பழசுக்கு விலையில்லை என்று சொல்லி வைத்துக்கொள்வார்கள். செம்பும் பித்தளையும் எடைக்கு என்ன விலை போகும் என்று காயலான் கடையில் கேட்டுப் பாருங்கள். பாகத்தை மாற்றினால் லாபம், கோளாறைக் கண்டுபிடித்தால் லாபமில்லை என்று இந்த வியாபாரத்தை அமைத்துவைத்திருக்கிறோம். அப்படியிருக்க, எந்த ஒர்க்‌ஷாப் கண்டுபிடிக்க மெனக்கெடும்?

லாபம் அவர்களுக்கு; பற்று உருகும்போது எழும் ஈயப் புகையைச் சுவாசிப்பவர் பாய். சாயங்காலம் இரண்டு வாழைப்பழம் சாப்பிட்டால் புகை இறங்கிவிடும் என்று அவர் நம்புகிறார். இறங்காது. ஈயம் ரத்தத்தில் கலந்து எலும்பில் தங்கும். நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று பார்க்கச் சோதனை இருக்கிறது. அவருக்கு இதுவரை யாரும் எடுத்ததில்லை. வாகனப் பட்டறைத் தொழிலாளர்களுக்கும் இடமுள்ள நல வாரியம் தமிழ்நாட்டில் உண்டு. ரேடியேட்டர், பேட்டரி பட்டறைக்காரர்களுக்கு வருடம் ஒருமுறை இந்தச் சோதனையை வாரியம் இலவசமாகச் செய்ய வேண்டும்.

வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். போர்வெல் தண்ணீரை ஊற்றாதீர்கள். தயாரிப்பாளர் சொன்ன கூலன்ட்டை, சொன்ன காலத்தில் மாற்றுங்கள். முள் ஏறினால் ஓரங்கட்டி நிறுத்துங்கள். ஆறும்வரை மூடியைத் தொடாதீர்கள். வண்டியோடு நீங்களே பட்டறைக்குப் போய், நிற்கும்போதா ஓடும்போதா என்று சொல்லுங்கள். கையை வைத்துப் பார்த்து, “ஒண்ணுமில்ல சார், பெல்ட்டு தளர்ந்திருக்கு” என்று பட்டறைக்காரர் திருப்பி அனுப்பினாலும், பார்த்ததற்கான கூலியைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.