மாஸ்டர் காதுக்கு எட்டிய சத்தம்

போன தை மாதம் எங்கள் மாஸ்டருக்கு எண்பது வயது நிறைந்தது. மாஸ்டர் என்றால் பள்ளிக்கூட வாத்தியார் இல்லை. 1986லிருந்து எட்டு வருஷம் நான் கீபோர்டு வாசித்த திருச்சி மெல்லிசைக் குழுவின் தலைவர். பகலில் எனக்கு ஆபீஸ். சனி, ஞாயிறு வந்தால் லால்குடி, முசிறி, மணப்பாறை என்று ஏதாவது ஓர் ஊரில் கோயில் திருவிழாவோ கல்யாண வரவேற்போ இருக்கும். வேனில் தூங்கிக்கொண்டே விடியற்காலையில் வீடு திரும்புவோம்.

ஐப்பசியில் எங்கள் டிரம்ஸ்காரர் போன் செய்தார். "மாஸ்டர் எண்பதுக்கு அவர் வீட்டு மொட்டை மாடியில நாம மிச்சம் இருக்கிற அஞ்சு பேரும் ஒரு மணி நேரம் வாசிக்கிறோம். பேரனுக்கு வாங்கின கீபோர்டைத் தூக்கிட்டு வந்துடாதே. அந்தக் காலத்துச் சத்தம் வரணும்" என்றார்.

சொல்வது சுலபம். அன்று நான் வாசித்த கருவி எதுவும் எங்கள் சொந்தமில்லை. சென்னையிலிருந்து வாடகைக்கு வரும். கச்சேரி முடிந்ததும் பெட்டியில் வைத்துத் திருப்பி அனுப்பிவிடுவோம். 'விக்ரம்', 'புன்னகை மன்னன்' இரண்டும் 1986ல் வந்த படங்கள். அதில் கேட்ட எலக்ட்ரானிக் சத்தத்தை ஜனங்கள் எங்கள் மேடையிலும் எதிர்பார்த்தார்கள். மாஸ்டர் தன் பங்குப் பணத்தைக் குறைத்துக்கொண்டு அந்த வாடகையைக் கொடுத்தார். எனக்கு அது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் கொஞ்சம் தொடாமல் இருந்தது. இந்த ஒரு தடவையாவது சொந்தமாக ஒரு பழைய அனலாக் சிந்தசைசர் வாங்கிவிடுவது என்று இறங்கினேன்.

"அனலாக்னா என்னங்க?" என்று கேட்டாள் மனைவி.

ஹார்மோனியத்தில் காற்று செய்யும் வேலையை இதில் மின்சாரம் செய்கிறது என்றேன். உள்ளே ஒரு சர்க்யூட் மின்னழுத்தத்தை வேகமாக ஏற்றி இறக்கும். ஒரு நொடிக்கு எத்தனை தடவை என்பதைப் பொறுத்துச் சுருதி. ரம்பப் பல் வடிவத்தில் ஏறி இறங்கினால் சத்தம் கூர்மையாக இருக்கும். அடுத்து வருவது பில்டர். காபி பில்டர் தூளை நிறுத்திக்கொண்டு டிகாக்‌ஷனை மட்டும் இறக்குகிறது இல்லையா? அது மாதிரி இது மேலே இருக்கும் கீச்சுச் சத்தத்தை நிறுத்திக்கொண்டு கீழே இருக்கும் கனமான சத்தத்தை விடும். எவ்வளவு நிறுத்துவது என்பது நம் கையில். இதையே எண்களாகக் கணக்குப் போட்டுச் செய்தால் டிஜிட்டல்.

"எவ்வளவு ஆகும்?"

"ஒன்றரை லட்சம் ஆகலாம்."

அவள் பதில் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஒரு நோட்டில் பட்டியல் போட்டேன். முதலில் மினிமூக். அமெரிக்காவில் ராபர்ட் மூக்கின் கம்பெனி 1970ல் கொண்டுவந்தது. பேஸ் வாசித்தால் தரை அதிரும். ஆனால் ஒரு நேரத்தில் ஒரே சுரம்தான். மூன்று கீயைச் சேர்த்து அழுத்தி கார்டு பிடிக்க முடியாது. வைத்த அமைப்பை நினைவில் வைத்துக்கொள்ளவும் செய்யாது. ஒவ்வொரு பாட்டுக்கும் திருகுகளை மறுபடி திருப்ப வேண்டும். சூட்டுக்குச் சுருதியும் நகரும்.

1978ல் வந்த கோர்க் எம்.எஸ். 20ம் ஒற்றைச் சுரம்தான். பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மாதிரி ஒயரைப் பிடுங்கிச் செருகிச் சத்தம் செய்ய வேண்டும். அதே வருஷத்து ப்ராஃபெட் 5ல் ஐந்து சுரம் சேர்ந்து ஒலிக்கும், அமைப்பை நினைவிலும் வைத்துக்கொள்ளும். 1981ல் வந்த ரோலண்ட் ஜூபிடர் 8ல் எட்டுச் சுரம். மும்பையில் சரண்ஜித் சிங் 1982ல் ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்த இசைத்தட்டில் இருப்பது அதுதான். இவை இரண்டின் விலையைப் பார்த்துவிட்டு நோட்டை மூடி வைத்தேன்.

மிஞ்சியது ரோலண்ட் ஜூனோ 106. 1984ல் வந்தது. ஆறு சுரம், 61 கீ, 128 அமைப்புகளுக்கு நினைவு. சத்தம் அனலாக்தான், சுருதியை மட்டும் ஒரு டிஜிட்டல் கடிகாரம் பிடித்து வைத்திருக்கும். அதனால் வெயிலுக்கு அசையாது. நாற்பது வருஷத்துக் கருவி என்பதால் குரல் சிப்புகள் செத்துப்போகலாம். ஆனால் அதற்கு மாற்றுச் சிப் கிடைக்கிறது.

இருந்தாலும் எனக்கு ஒரு சந்தேகம். எங்கள் கச்சேரியின் ஆரம்பத்தில் நான் வாசித்த, கோயில் மணி மாதிரி ஒலித்து மெல்ல அடங்கும் அந்தச் சத்தம் எதில் வந்தது? அது இல்லாமல் என்ன வாங்கி என்ன பிரயோஜனம்? மாஸ்டரையே கேட்டுவிடலாம் என்று உறையூருக்குப் போனேன். ஒவ்வொரு கருவியின் சத்தத்தையும் போனில் பதிந்து, ஒரு ஹெட்போனும் எடுத்துக்கொண்டேன்.

மணிச் சத்தத்தைப் பற்றிச் சொன்னதும் சிரித்துவிட்டார். "அது அனலாக் இல்லப்பா. பழுப்புப் பெட்டி, பச்சைப் பட்டன். யமஹா டி.எக்ஸ். 7. அது முழுக்க டிஜிட்டல்."

முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஒரு தப்பை நினைவு என்று வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்! 1983ல் அந்தக் கருவி வந்து அனலாக் கருவிகளின் வியாபாரத்தையே சரித்தது என்று பிறகு படித்தேன். பழைய சத்தம் என்று நாம் நினைக்கிற பலதும் உண்மையில் அதன் சத்தம்தான்.

அப்படியானால் டி.எக்ஸ். 7 வாங்கினால் போதும், விலையும் குறைவு என்று நினைத்துக்கொண்டு, ஹெட்போனை அவருக்கு மாட்டி மணிச் சத்தத்தைப் போட்டேன். மாஸ்டர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போடு தம்பி."

"போட்டாச்சு மாஸ்டர்."

அவர் மறுபடியும் காத்திருந்தார். உள்ளேயிருந்து வந்த அவர் மகள், "அப்பாவுக்கு மேல் சத்தம் கேக்கறதில்ல மாமா. வாசல்ல காலிங்பெல் அடிச்சாக்கூட நாங்கதான் போய்ப் பார்க்கணும். மெஷின் வாங்கிக் கொடுத்தோம், மாட்டிக்க மாட்டேங்கிறார்" என்றாள். மாஸ்டர் ஒன்றும் சொல்லாமல் துண்டைச் சரி செய்துகொண்டார். நாற்பது பேர் கோரஸில் ஒருவர் சுருதி விலகினாலும் விரல் நீட்டிக் காட்டியவர்.

அடுத்து ஜூனோவின் கனமான ஸ்ட்ரிங்ஸ் சத்தத்தைப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டார். நாற்காலிக் கைப்பிடியில் விரல்கள் கார்டு பிடித்தன. "இது கேக்குது" என்றார்.

அங்கேயே முடிவாகிவிட்டது. வயதானால் முதலில் குறைவது மேல் சுருதிகள். மணிச் சத்தத்தின் உயிரே அந்த மேல் சுருதிகளில்தான் இருக்கிறது. அவருக்குக் கேட்கும்படி அதை ஏற்றினால் மற்றவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். டி.எக்ஸ். 7ல் பில்டரே கிடையாது, எண்களை மாற்றித்தான் சத்தத்தைத் திருத்த வேண்டும். ஜூனோவில் பில்டருக்கு ஒரு ஸ்லைடர் இருக்கிறது. வாசித்துக்கொண்டே இடது கையால் மேல் சத்தத்தை இறக்கிவிட்டு, மொத்த வால்யூமை ஏற்றலாம். யார் காதையும் குத்தாது. மாஸ்டருக்கும் கேட்கும்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். மனைவி கொஞ்ச நேரம் கழித்து, "அவருக்குக் கேக்கும்னா வாங்குங்க" என்றாள்.

முதலில் பார்க்கப் போன இடத்தில், ஜப்பானில் விற்ற 100 வோல்ட் கருவி ஒன்றை நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகப் போனார்கள். நல்லவேளை, பின்பக்கம் எழுதியிருந்ததைப் படித்தேன். வாங்க நினைப்பவர்கள் இதை முதலில் பாருங்கள். அப்படிப்பட்ட கருவிக்கு வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் வேண்டும்.

கடைசியில் சென்னையில், ஸ்டுடியோவை மூடிவிட்ட ஒருவரிடம் ஜூனோ கிடைத்தது. பேரனையும் கூட்டிப்போனேன். ஒரே கீயைத் திரும்பத் திரும்ப அழுத்தினேன். ஆறு குரலும் முறை வைத்து வந்தன. ஆறு கீயைச் சேர்த்து அழுத்திப் பார்த்தேன். ஸ்லைடர்களை மேலும் கீழும் தள்ளி, கரகரப்பு இருக்கிறதா என்று கவனித்தேன். எல்லாம் சரி. கோரஸ் பொத்தானைப் போட்டதும் ஒரே சத்தம் பத்துப் பேர் சேர்ந்து வாசிப்பது போல விரிந்தது. எனக்குப் புல்லரித்தது.

"தாத்தா, 'ஸ்ஸ்ஸ்'னு ஒரு இரைச்சல் வருது" என்றான் பேரன்.

எனக்கு எதுவும் கேட்கவில்லை. குனிந்து ஸ்பீக்கரில் காதை வைத்தேன். அப்போதும் இல்லை. விற்றவர், "கோரஸ் போட்டா கொஞ்சம் இரையும் சார், இந்த மாடலோட குணமே அதுதான். பையனுக்கு நல்ல காது" என்றார். கருவியில் குறையில்லை என்று பேரனுக்கு நிம்மதி. பத்து கிலோ பெட்டியோடு ரயிலில் திருச்சி திரும்பும்போது நான்தான் பேசாமல் வந்தேன்.

அடுத்த வாரம் காது டாக்டரிடம் போனேன். காகிதத்தில் கோடு வலது பக்கம் சரிந்திருந்தது. இன்னும் மெஷின் வேண்டாம், வருஷத்துக்கு ஒரு தடவை வந்து பாருங்கள் என்றார்.

தை மாதம் அந்த மாலை, மாடியில் முப்பது நாற்காலி. மாஸ்டரை முன் வரிசையில் உட்கார வைத்தோம். முதல் பாட்டுக்கு எல்லோரும் கை தட்டினார்கள். மாஸ்டரும் தட்டினார், மற்றவர்களைப் பார்த்துவிட்டு. இரண்டாவது பாட்டில் வலது கையை ஒரு ஸ்தாயி கீழே கொண்டுவந்து, கார்டைப் பிடித்தபடியே பில்டர் ஸ்லைடரைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். வால்யூமை ஏற்றினேன். பாதிக்குக் கீழே போனபோது மாஸ்டரின் வலது கை முழங்கால் உயரத்துக்கு எழுந்து நின்றது. அந்தக் காலத்தில் மேடை ஓரத்திலிருந்து, "அவ்வளவுதான், அங்கேயே வை" என்று காட்டும் அதே கை.

அங்கேயே வைத்தேன்.

முடிந்ததும் டிரம்ஸ்காரர், "என்னப்பா, சத்தத்துக்குப் போர்வை போத்தின மாதிரி இருந்துச்சு?" என்று குறைப்பட்டார். விவரத்தைச் சொன்னேன். அவர் மாஸ்டரைப் போய்க் கட்டிக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து மாஸ்டரின் மகள் போன் செய்தாள். அப்பா காதுக்கு மெஷினை மாட்டிக்கொண்டு, "அந்த மணிச் சத்தத்தை எடுத்துட்டு வரச் சொல்லு" என்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.