'போர்டு டெட்'டா? ரிச்சி ஸ்ட்ரீட் வாங்க பாஸ்!

பார்ட் டைம் வேலைக் காசு, பொங்கலுக்கு மாமா கொடுத்தது, அக்காகிட்ட வாங்கின கடன்... எல்லாம் சேர்த்து பார்ட் பார்ட்டா வாங்கி கம்ப்யூட்டரை அசெம்பிள் பண்ணியாச்சு. பட்டனை அமுக்கினா... ஃபேன் மட்டும் சுத்துது, ஸ்கிரீன் இருட்டு! ஹாஸ்டலே கூடி நின்னு 'மச்சி, போர்டு போச்சுடா'ன்னு இரங்கல் தீர்மானம் போடுதா? டோன்ட் வொர்ரி. இதுக்குன்னே சென்னையில் ஒரு தெரு இருக்கு!

அண்ணா சாலையை ஒட்டின ரிச்சி ஸ்ட்ரீட்தான் அது. 2019-ல் மெட்ரோ வந்த அரசினர் தோட்டம் ஸ்டேஷனில் இறங்கினாலும் சரி, சிந்தாதிரிப்பேட்டை பறக்கும் ரயில் ஸ்டேஷனில் இறங்கினாலும் சரி, நடந்தே போயிடலாம். ஒரு காலத்தில் ரேடியோ உதிரிபாகம் விற்ற ஏரியா. இன்று டில்லி நேரு பிளேஸோடு ஒப்பிட்டுப் பேசப்படும் எலெக்ட்ரானிக்ஸ் சந்தை. பேருக்குத்தான் ஒரு தெரு. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என அக்கம்பக்கத்துச் சந்துகளும் சேர்ந்ததுதான் 'ரிச்சி'. ஞாயிற்றுக்கிழமை போனீங்கன்னா பெரும்பாலும் ஷட்டரைத்தான் தரிசிக்கணும்!

கேபினெட்டைத் தூக்கிட்டுக் கிளம்பும் முன், ரூமிலேயே ஒரு பத்து நிமிஷம். எஸ்.எம்.பி.எஸ். பின்னாடி இருக்கிற சுவிட்ச் ஆனில் இருக்கா? போர்டுக்குப் போகும் 24 பின் ஒயர் மட்டும் போதாது. பிராசஸர் பக்கத்தில் தனியா ஒரு 8 பின் ஒயர் மாட்டணும். புதுசா அசெம்பிள் பண்றவங்க அதிகம் மறப்பது இதைத்தான். ராமை 'டக்' சத்தம் வரும்வரை அமுக்கினீங்களா? கிராபிக்ஸ் கார்டு இருந்தா, மானிட்டர் கேபிளை கார்டில்தான் குத்தணும், போர்டில் இல்லை. இன்டெல் பிராசஸர் பெயரின் கடைசியில் 'எஃப்' இருந்தா, உள்ளே கிராபிக்ஸே கிடையாது. கார்டு இல்லாம படம் வராது! டிடிஆர்5 ராம் என்றால் முதல் தடவை டிஸ்பிளே வர சில நிமிஷம்கூட ஆகலாம். அவசரப்பட்டு ஆஃப் பண்ணிடாதீங்க.

அப்பவும் வரலையா? தெருவுக்குள்ளே நுழைங்க. மீன்பாடி வண்டிக்கும் பைக்குக்கும் நடுவே புகுந்து போகும்போதே 'என்ன வேணும் தம்பி?'ன்னு நாலா பக்கமும் குரல் கேட்கும். 'டிஸ்பிளே வரலைண்ணே' என்று சொன்னதும், பெட்டியைத் திறக்காமலே 'போர்டு டெட், மாத்திடலாம்' என்று ஒருத்தர் சொன்னா... எஸ்கேப்!

வேலை தெரிஞ்ச அண்ணன் வேற மாதிரி. முதலில் போர்டில் எரியும் குட்டி லைட்டைப் பார்ப்பார். சிபியு, டிராம், விஜிஏ, பூட் என நாலு இருக்கும். எது அணையாம நிற்குதோ, சந்தேகம் அங்கேதான். அப்புறம் போர்டை வெளியே எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டி மேலேயே வைப்பார். கேபினெட்டுக்குள் தப்பான இடத்தில் ஒரு பித்தளை ஸ்டட் இருந்து போர்டின் அடியைத் தொட்டாலே ஷார்ட் ஆகுமே! பிராசஸர், கூலர், ஒரே ஒரு ராம், எஸ்.எம்.பி.எஸ். மட்டும் வைத்து, ஸ்க்ரூ டிரைவர் நுனியால் பவர் பின் இரண்டையும் ஒரு செகண்ட் தொடுவார். ஓடினா, மிச்சத்தை ஒவ்வொன்றா சேர்ப்பார். ஓடலைன்னா, கடையில் இருக்கிற ராமைப் போட்டுப் பார்ப்பார், அடுத்து எஸ்.எம்.பி.எஸ்.ஸை. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். அப்பத்தானே குற்றவாளி யாருன்னு தெரியும்?

சில சமயம் எல்லாமே நல்லா இருக்கும். பிராசஸர் புதுசு, போர்டில் இருக்கும் பயாஸ் பழசு! அந்த வசதி உள்ள போர்டில் பென் டிரைவ் வழியா அப்டேட் பண்ணினா முடிஞ்சது.

ரெண்டு எச்சரிக்கை. எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் பிரிக்கவே பிரிக்காதீங்க. பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே ஷாக் அடிக்கும் கரன்ட் தங்கியிருக்கும். சாக்கெட் பின்களை விரலால் தொடாதீங்க. வளைஞ்சா, வாரன்டி பேச்சு எடுபடுவது கஷ்டம். பில்லும் டப்பாவும் பத்திரம்.

முக்கியமா, அண்ணன் வேலை பார்க்கும்போது மொபைலை நோண்டாம பக்கத்தில் நின்னு கவனிங்க. கேள்வி கேளுங்க. அடுத்த தடவை ரூம்மேட் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினா, ஹாஸ்டலுக்கு நீங்கதான் 'ரிச்சி' அண்ணன்!