பெலே மலையடியில் ஒரு கருகிய துறைமுகம்

மழைமறைவு என்றால் என்ன என்று கோவை கணபதிக்காரர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று வரும். மழையோ பெரும்பாலும் மலைக்கு அந்தப் பக்கமே நின்றுவிடும். கரீபியக் கடலின் மார்த்தினிக் தீவில் உள்ள சான் பியேருக்கும் இதே கணக்குத்தான், திசை மட்டும் வேறு. காற்று கிழக்கே அட்லாண்டிக்கிலிருந்து வரும். 1,397 மீட்டர் உயரமுள்ள பெலே மலை மேகத்தை வாங்கிக்கொள்ளும். மேற்குக் கரை அலையடங்கிக் கிடக்கும். கப்பல் நிற்கத் தோதான அந்த இடத்தில் சர்க்கரையும் ரம்மும் ஏற்றியே ஊர் கொழுத்தது. 1786இல் நாடக அரங்கே கட்டிக்கொண்டார்கள்.

பெலே ஓர் எரிமலை. 1902 மே 5இல் அதன் சேறு சரிந்து கெரேன் சர்க்கரை ஆலையை மூடியது. அடுத்த ஞாயிறு தேர்தல். ஆளுநர் லூயி மூத்தே மனைவியோடு ஊருக்கு வந்து தங்கினார். தேர்தலுக்காகவே மக்களை வெளியேற விடவில்லை என்ற கதையை அப்படியே நம்பத் தேவையில்லை. ஒரு மலை இப்படியும் கொல்லும் என்று அன்றைய அறிவியலுக்கே சரியாகத் தெரியாது. மே 8 காலை எட்டு மணிக்கு வந்தது தீக்குழம்பு அல்ல. கொதிக்கும் வாயுவும் சாம்பலும் கலந்த மேகம் சரிவில் உருண்டு வந்து, ஏறத்தாழ 28,000 பேரை நிமிடங்களில் கொன்றது. ஆளுநரும் அவர் மனைவியும் அதில் மாண்டார்கள்.

அரங்கின் படிக்கட்டும் கூரையற்ற சுவர்களும் இன்றும் நிற்கின்றன. பக்கத்திலேயே தடித்த கல்சுவர் கொண்ட சிறை அறை. அதில் அடைபட்டிருந்த சிபாரிஸ் உயிர் பிழைத்து, பிறகு பார்னம் சர்க்கஸில் காட்சிப்பொருளானார். பயணிகள் அந்த அறையைத்தான் தேடிப் போகிறார்கள். நான் போனால் முதலில் கடற்கரைக்குத்தான் போவேன். 1848இல் அடிமைமுறை ஒழிந்து கரும்பு வெட்ட ஆள் இல்லாமல் போனபின், 1853 மே 6இல் 'ஒரேலி' என்ற கப்பல் நம்மவர்களை முதன்முதலாக இத்தீவில் கொண்டுவந்து இறக்கியது. அடுத்த முப்பது ஆண்டுகளில் புதுச்சேரி, காரைக்கால் வழியாகச் சுமார் 25,000 பேர் வந்தார்கள். பிரெஞ்சு அண்டிலிஸ் தீவுகளில் அவர்கள் பிள்ளைகளுக்குக் குடியுரிமை உறுதியாக 1923 வரை ஆனது. அதற்காகப் பக்கத்துக் குவாதலூப்பில் ஆன்ரி சிதம்பரம் ஏறத்தாழ இருபது ஆண்டு வழக்காடினார்.

மலைக்கு வடக்கே, பாஸ் புவாந்த் ஊரின் தோட்டக் கோயிலில் மாரியம்மனும் மதுரை வீரனும் இருக்கிறார்கள், கிடாவெட்டும் உண்டு. கவிஞர் எமே செசேர் 1913இல் பிறந்தது அதே ஊரில். 1635 முதல் பிரெஞ்சுக் குடியேற்றமாக, நடுநடுவே ஆங்கிலேயர் கையிலும் இருந்த தீவை, 1946இல் பிரான்ஸின் ஒரு மாவட்டமாக்கிய சட்டத்தை நாடாளுமன்றத்தில் முன்னின்று நடத்தியவர் அவர். காலனியாதிக்கத்தைக் கிழித்தெழுதிய கை அது. உலகமே விடுதலை கேட்ட காலத்தில் இணைப்பைக் கேட்டது. முரண் என்று நான் சொல்லமாட்டேன். கூலியிலும் மருத்துவத்திலும் பாரிஸ்காரனுக்கு உள்ளது தமக்கும் வேண்டும் என்பதுதான் கோரிக்கை. 2010 ஜனவரியில் கூடுதல் தன்னாட்சி வேண்டுமா என்று கேட்டபோதும், வாக்களித்தவர்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் வேண்டாம் என்றார்கள்.